டிப்பருக்கு ஜாக்கி பெரிசா, அதைத் தள்ளுற பம்பு பெரிசா?

டிப்பர் வாங்கப் போறவங்க எல்லாரும் முதல்ல பார்க்கிறது ஜாக்கியைத்தான். எவ்வளவு தடிமன், எவ்வளவு உயரம் தூக்கும், எத்தனை டன் தாங்கும்னு கேட்பாங்க. விற்கிறவரும் அதைத்தான் தட்டித் தட்டிக் காட்டுவார். அந்த ஜாக்கிக்குள்ள எண்ணெயைத் தள்ளுற பம்பு எதனால ஓடுது என்பது கடைசிப் பேச்சாகத்தான் வரும், அதுவும் விலை முடிஞ்ச பிறகு. என் கருத்து இதுக்கு நேர் எதிர். முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கணும். ஒரு சின்ன விவசாயிக்கு அந்த ஒரு கேள்வியில லட்ச ரூபாய் கடன் வரலாம், வராமலும் போகலாம்.

நகரத்துல இருந்து படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லணும். உங்க தெருவுக்குக் காலையில குப்பை எடுக்க வர்ற சின்ன வண்டியைப் பார்த்திருப்பீங்க. குப்பைக் கிடங்குல போய் அதோட தொட்டி தானா நிமிர்ந்து எல்லாத்தையும் கொட்டிட்டு மறுபடி படுத்துக்கும். அந்த மாதிரித் தொட்டி எங்களுக்கும் வேணும். எங்க கனகசெட்டிக்குளம் பக்கம் மணல் கலந்த செம்மண். தண்ணி ஊத்துனா நிக்காது, உரம் போட்டாலும் நிக்காது. மாட்டெரு போட்டாத்தான் மண்ணு உயிரோட இருக்கும். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போடணும்னு வேளாண்மைத் துறை சொல்றாங்க. ஹெக்டேருக்கு 12.5 டன்னு புத்தகத்துல இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். மூணு ஏக்கர் வச்சிருக்கிறவனுக்கு 15 டன் எரு. இதை டிரெய்லர்ல ஏத்துறதுக்கு ஒரு கூலி, கொல்லையில இறக்குறதுக்கு ஒரு கூலி. இப்ப ஏத்துறதுக்குப் பொக்லைன் வந்துடுச்சு. இறக்குறதுதான் மண்வெட்டியும் அன்னக்கூடையுமா நிக்குது. ரெண்டு ஆள் ஒரு டிரெய்லரைக் காலி பண்ண ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். டிப்பர்னா ஒரு நிமிஷம்.

அதனால எங்க ஊர்ல டிப்பர் ஆசை இப்ப நிறைய பேருக்கு வந்திருக்கு. ஒருத்தர் பழைய சின்ன யானையை வாங்கி, பட்டறையில கொடுத்து, பேட்டரியில ஓடுற பம்பு வச்சுத் தொட்டியைத் தூக்க வைக்கலாம்ங்கிறார். இன்னொருத்தர், லாரிக்கு இருக்கிற மாதிரி கியர் பாக்ஸ்ல இருந்தே எடுத்தாத்தான் உழைக்கும்ங்கிறார். மூணாவது ஆள், டிராக்டர் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு, டிப்பர் டிரெய்லர் ஒண்ணு செஞ்சுக்கலாம்ங்கிறார். நான் மூணாவது ஆள் கட்சி. ஏன்னு சொல்றேன்.

முதல்ல தூக்குறது எப்படின்னு பார்ப்போம். அடைச்சு வச்ச எண்ணெயை ஒரு பக்கம் அழுத்துனா அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போகும்னு கண்டுபிடிச்சவர் பாஸ்கல். 1623ல பிறந்த பிரெஞ்சுக்காரர். எங்க ஊரை ஆண்டவங்க ஊர்க்காரர்தான், ஆனா அவர் சொன்னதை வச்சு அமுக்குற எந்திரம் செஞ்சு 1795ல காப்புரிமை வாங்கினது இங்கிலாந்துக்காரர், ஜோசப் பிராமா. இன்னைக்கு டிப்பர், பொக்லைன், டிராக்டர் கலப்பை எல்லாம் தூக்குறது அதே கணக்குதான்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 10 சென்டிமீட்டர் விட்டம் உள்ள ஜாக்கி. அதோட வட்டப் பரப்பு 78 சதுர சென்டிமீட்டர் சொச்சம். பம்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் கொடுத்தா, ஜாக்கி தள்ளுற பலம் 11 டன்னுக்கும் மேல. கேட்கிறதுக்கு ரொம்பப் பெரிசா இருக்கும். ஆனா தொட்டி படுத்திருக்கும்போது ஜாக்கியும் சாய்ஞ்சுதான் கிடக்கும். 20 டிகிரி சாய்வுல கிடந்தா அந்தப் பலத்துல மூணுல ஒரு பங்குதான் மேல தூக்கும், மிச்சம் சேசிஸைத் தள்ளுறதுல போயிடும். அதான் எந்த டிப்பரும் முதல் ஒரு சாண் எழும்பத்தான் முக்கும். அதைத் தாண்டிட்டா வழுக்கிக்கிட்டுப் போகும்.

அடுத்த விஷயம் வேகம். பலத்தைக் கொடுக்கிறது அழுத்தம், வேகத்தைக் கொடுக்கிறது எண்ணெயோட அளவு. அதே ஜாக்கி 60 சென்டிமீட்டர் நீள ஏறக்குறைய 4.7 லிட்டர் எண்ணெய் உள்ள போகணும். நிமிஷத்துக்கு 5 லிட்டர் தள்ளுற பம்புன்னா ஒரு நிமிஷம் ஆகும். 20 லிட்டர் பம்புன்னா கால் நிமிஷம். கைப்பம்பு வச்சு, ஒரு அடிக்கு 25 மில்லி போகுதுன்னா, 188 தடவை அடிக்கணும். யாரும் சிரிக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு லோடு அரை டன் எரு கொட்டுறவனுக்கு அந்தக் கைப்பம்பு போதும். அதுல கெட்டுப்போறதுக்கு ஒண்ணுமில்லை, வாஷரைத் தவிர.

இப்ப பேட்டரி பம்புக்கு வருவோம். இதுதான் இப்ப மொபைல்ல எல்லாரும் பார்த்து ஆசைப்படுறது. ஒரு மோட்டார், ஒரு சின்ன எண்ணெய்த் தொட்டி, கையில ஒயர் தொங்குற சுவிட்ச். அமுக்குனா ஏறும், விட்டா நிக்கும். இறங்குறதுக்கு மோட்டார் ஓட வேண்டாம், சொந்த எடையில வால்வு வழியா இறங்கிடும். பார்க்க லட்சணமா இருக்கும். ஆனா கணக்கு வேற.

உங்க வீட்ல 2000 வாட் கீசர் ஓடுனா 230 வோல்ட்ல 9 ஆம்பியர்கூட இழுக்காது. அதே 2000 வாட் மோட்டாரை 12 வோல்ட் பேட்டரியில ஓட்டுனா 165 ஆம்பியருக்கு மேல இழுக்கும். வோல்ட் குறைஞ்சா ஆம்பியர் ஏறும், அவ்வளவுதான் சூத்திரம். வண்டியில இவ்வளவு கரண்டை இழுக்கிறது வேற ஒரே ஒரு ஐட்டம், செல்ஃப் மோட்டார். அது மூணு செகண்டுல வேலையை முடிச்சுடும். பம்பு அரை நிமிஷம் அதே இழுப்பை இழுக்கணும்.

பேட்டரி காலி ஆயிடுமான்னு கேட்டா, அவ்வளவு சீக்கிரம் ஆகாது. அரை நிமிஷம் 165 ஆம்பியர்னா ஒன்றரை ஆம்பியர் அவர்கூட வராது. 40 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு அது சின்னக் கடிதான். எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்து, டைனமோவுல 20 ஆம்பியர் மிச்சம் இருந்தா அஞ்சாறு நிமிஷத்துல திரும்ப ஏறிடும். அப்ப எங்க இடிக்குது? ஒயர்ல இடிக்குது.

பேட்டரி ஒரு இடம், பம்பு பின்னாடி ஒரு இடம். போக 3 மீட்டர், வர 3 மீட்டர்னு வைங்க. வீட்டு மோட்டாருக்குப் போடுற மாதிரி 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைப் போட்டா, அந்த ஒயரே 3 வோல்ட்டைத் தின்னுடும். 12 வோல்ட் பேட்டரியில மோட்டாருக்குக் கிடைக்கிறது 9. மோட்டார் முனகும், தொட்டி ஏறாது, ஒயர் சூடாகும், ரப்பர் நாத்தம் வரும். 35 சதுர மில்லிமீட்டர் போட்டா அரை வோல்ட்தான் போகும். கட்டை விரல் மொத்தத்துக்கு இருக்கும் அந்த ஒயர். விலையும் அப்படித்தான். மைனஸுக்கு சேசிஸே போதும்னு துருப்பிடிச்ச போல்ட்ல முடுக்கி விடுறதும் உண்டு. அதோட பேட்டரிக்குப் பக்கத்துலயே பெரிய ஃபியூஸ் ஒண்ணு கட்டாயம் வேணும். ஓட்டுற குலுக்கல்ல ஒயர் சேசிஸ்ல உரசி அறுந்தா வண்டியே பத்திக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வண்டியில இப்படிச் சின்ன ஒயரைப் போட்டு, ரெண்டு மாசத்துல மோட்டார் கருகிடுச்சு. பம்பு மட்டமான சரக்குன்னு அவர் இன்னும் திட்டிக்கிட்டு இருக்கார். பம்பு பாவம், அதுக்குச் சாப்பாடே போடலை.

இன்னொண்ணு, இந்த மோட்டாரெல்லாம் விட்டு விட்டு ஓடுறதுக்குச் செஞ்சது. அரை நிமிஷம் ஓடுனா அஞ்சு நிமிஷம் ஆறணும். ஒரு லோடு கொட்டிட்டு அடுத்த லோடுக்குப் போற நேரத்துல அது ஆறிக்கும். எரு அடிக்கிற வேலைக்குச் சரி. செங்கல் சூளை, மணல்னு நாள் பூரா ஓட்டுறவனுக்குச் சரிவராது.

நாள் பூரா ஓட்டுறவனுக்குத்தான் கியர் பாக்ஸ் வழி. லாரி டிப்பர் எல்லாம் அப்படித்தான். கியர் பாக்ஸ் பக்கவாட்டுல பி.டி.ஓ.ன்னு ஒரு பெட்டி இருக்கும். கிளட்ச்சை மிதிச்சு நெம்புகோலை இழுத்தா எஞ்சின் சக்தி சக்கரத்துக்குப் போகாம பம்புக்குப் போகும். பலத்துக்குக் குறைவே இல்லை, பேட்டரியைத் தொடவே தொடாது. ஒரு நாளைக்கு 20, 30 லோடு அடிச்சாலும் அசராது. ஆனா எல்லா வண்டி கியர் பாக்ஸ்லயும் அந்தப் பெட்டி மாட்ட வாய் கிடையாது. வாய் இல்லாத சின்ன வண்டியில பெல்ட் போட்டு எஞ்சின் முன்பக்கத்துல இருந்து எடுக்கிறாங்க. அதுக்கு இடமும் வேணும், கை தேர்ந்த மெக்கானிக்கும் வேணும். அதோட பி.டி.ஓ.வை விடுவிக்க மறந்து அப்படியே வண்டியை எடுத்தா பம்பு சுத்திக்கிட்டே வரும். பம்பு போறது ஒரு பக்கம். கொட்டுற வால்வும் தூக்குற பக்கமே இருந்துட்டா, ஓடுற வண்டியில தொட்டி மேல கிளம்பிக் கரண்டு கம்பியில போய் நிக்கும்.

இனி என் கட்சி. டிராக்டர்னாலே அது ஓடுற ஹைட்ராலிக் பம்புதான். கலப்பையைத் தூக்கி இறக்குற அந்த மூணு புள்ளி இணைப்பையும் ஹைட்ராலிக்கையும் ஒண்ணா சேர்த்து டிராக்டரை டிராக்டர் ஆக்கினவர் ஹாரி பெர்குசன், அயர்லாந்துக்காரர். 1936லயே அதை வச்சு டிராக்டர் விக்க ஆரம்பிச்சுட்டார். அவர் பேரு இன்னைக்கும் மாஸி பெர்குசன் பானட்டுல இருக்கு, சென்னை டாஃபே கம்பெனி செஞ்சு விக்கிறாங்க. 40 குதிரைசக்தி டிராக்டர்னா 30 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கம்மி. மேல சொன்ன பேட்டரி மோட்டார் 2 கிலோவாட். யானைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் உள்ள வித்தியாசம். அந்த டிராக்டர் பம்புல இருந்து ஒரு வால்வு, ஒரு ஓஸ், ஒரு கப்ளிங். டிரெய்லர்ல ஜாக்கி. முடிஞ்சது கதை. தனி மோட்டார் இல்லை, தனி பேட்டரி இல்லை, தனி எண்ணெய்த் தொட்டிகூட இல்லை.

இதுலயும் கவனிக்க வேண்டியது உண்டு. நிறைய டிராக்டர்ல கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். ஜாக்கி நீளும்போது அஞ்சு லிட்டரைக் கடன் வாங்கிக்கும், அதனால எண்ணெய் அளவு எப்பவும் கோட்டுக்கு மேலயே இருக்கணும். கப்ளிங்கை மண்ணுல போட்டுட்டுத் துடைக்காம மாட்டுனா அந்த மண்ணு நேரா கியர் பாக்ஸுக்குப் போகும். ஒரு துணியும் ஒரு மூடியும் போதும் இதுக்கு. பத்து ரூபாய் மூடியைத் தொலைச்சுட்டு கியர் பாக்ஸைப் பிரிக்கிறவங்க இருக்காங்க.

இப்பதான் முக்கியமான கணக்கு. மூணு ஏக்கர்க்காரனுக்கு 15 டன் எரு. டிராக்டர் டிரெய்லர்ல 3, 4 டன் போகும். அஞ்சு லோடு. முக்கால் டன் தூக்குற சின்ன யானையில போனா 20 லோடு. அதோட கரம்பை மண், தென்னை மட்டை, சவுக்கு வேர்க்கட்டைன்னு எல்லாம் சேர்த்தாலும் வருஷத்துக்கு 40 தடவை தொட்டியைத் தூக்குவோமா? ஒரு தடவைக்கு ஒரு நிமிஷம். வருஷத்துக்கு 40 நிமிஷம். அந்த 40 நிமிஷத்துக்காகத் தனியா ஒரு வண்டி, அதுக்கு இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், பேட்டரி, மாசத் தவணை. ஏற்கெனவே ஊர்ல நிக்கிற டிராக்டர்ல அந்தச் சக்தி சும்மா கிடக்கு. சும்மா கிடக்கிற சக்தியை விட்டுட்டுக் கடன் வாங்கின சக்தியைத் தேடுறது எனக்குப் புரியலை.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 52-வது பிரிவு, கம்பெனி செஞ்ச வண்டியை அனுமதி இல்லாம மாத்தக் கூடாதுங்குது. சாதா தொட்டின்னு ஆர்.சி. புத்தகத்துல இருக்கும், வண்டி டிப்பரா நிக்கும். மத்த ஊர்க்காரங்களுக்கு ஒரு அரசாங்கம்தான். எங்களுக்கு ரெண்டு. காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் எல்லாம் புதுச்சேரி, ஆனா பாண்டி டவுனுக்குப் போகணும்னா நடுவுல கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. வடக்கே சோதனைச்சாவடி தாண்டுனா மரக்காணம் ரோடு, அதுவும் தமிழ்நாடு. ஒரு லோடு மட்டை ஏத்திக்கிட்டு பாண்டிக்குப் போனாலே எல்லை தாண்டி எல்லை வரணும். பட்டறையில மாத்தின வண்டியை வச்சுக்கிட்டு ரெண்டு மாநில அதிகாரிங்ககிட்டயும் பதில் சொல்ல நம்மளால ஆகாது. விபத்து ஆயிட்டா இன்சூரன்ஸ்காரர் முதல்ல புரட்டுறது அந்த ஆர்.சி.யைத்தான். டிராக்டர் டிரெய்லருக்கும் பதிவு உண்டு, அதையும் ஒழுங்கா டிப்பர்னே எழுதி வாங்கிடணும். விவசாயத்துக்குன்னு எழுதிட்டு வாடகைக்கு மண் அடிக்கிறதும் தப்புதான்.

எதை வாங்குனாலும் நாலு விஷயத்துல பேரம் பேசக் கூடாது. ஒண்ணு, தூக்கின தொட்டிக்குக் கீழ முட்டு கொடுக்காம தலையை விடக் கூடாது. ஓஸ் வெடிச்சா தொட்டி எச்சரிக்கை கொடுத்துட்டு இறங்காது. ஓஸ் அறுந்தா எண்ணெயை அடைச்சுக்கிற வால்வு தனியா கிடைக்குது, ஜாக்கி அடியிலயே அதை மாட்டச் சொல்லுங்க. ரெண்டு, பின்கதவைத் திறந்துட்டுத்தான் தூக்கணும், அதுவும் சமதரையில. மணல்ல ஒரு பக்கச் சக்கரம் புதைஞ்சா மேல போன லோடு வண்டியையே சாய்ச்சுடும். மூணு, கொல்லைக்கு மேல போற மின்கம்பியை அண்ணாந்து பார்த்துட்டுத் தூக்கணும். புயலுக்குப் புயல் கம்பி தொங்கிக்கிட்டே வருது எங்க பக்கம். 2011 தானே, 2024 ஃபெஞ்சல் ரெண்டுக்கும் அடிபட்ட ஊருங்க இது. நாலு, எண்ணெய் எங்க கசியுதுன்னு கையால தடவிப் பார்க்கக் கூடாது. 150 கிலோ அழுத்தத்துல ஊசி முனை ஓட்டையில வர்ற எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளியில சின்னப் புள்ளியாத்தான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரும். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்க.

கடைசியா ஒரு கேள்வி பாக்கி இருக்கு. இதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்லை. டிரெய்லர்ல இருந்து கூடை கூடையா எரு இறக்குறது எங்க ஊர்ல பெரும்பாலும் பெண்கள்தான். டிப்பர் வந்தா அவங்களோட அந்த ஒரு மணி நேரக் கூலி போயிடும். இதை எங்க வீட்லயே கேட்டாங்க. நான் சொன்னது இதுதான்: இறக்குற வேலை போகும், பரப்புற வேலை போகாது. டிப்பர் குவியலாத்தான் கொட்டும். பெரிய குவியலா ஒரே இடத்துல கொட்டிட்டா அந்த இடத்துல பயிர் கருகும், மத்த இடம் பட்டினி கிடக்கும். அதைச் சீரா இறைக்க ஆள்தான் வேணும். கொட்டுறதுல மிச்சமாகிற கூலியில கொஞ்சத்தை இறைக்கிற கூலியில கூட்டிக் கொடுக்கணும். தலையில எரு சுமந்து கழுத்து வலியோட போறதைவிட அது அவங்களுக்கும் நல்லது. மிச்சத்தை எல்லாம் நாமளே எடுத்துக்கிட்டு, மிஷின் வந்தது முன்னேற்றம்னு பேசுறது சரியில்ல.

நாங்க மூணு வீடு சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். தனித்தனியா வண்டி வேண்டாம். டிராக்டர் ஒரு வீட்ல இருக்கு. மத்த ரெண்டு வீடும் பணம் போட்டு ஒரே ஒரு டிப்பர் டிரெய்லர். ஓஸும் ஜாக்கியும் நல்ல தரத்துல, ஜாக்கி அடியில அந்த வால்வோட. டீசல், எண்ணெய்க்கு ஒரு நோட்டு, யார் எத்தனை லோடுன்னு எழுதி வைக்கிறது. நோட்டை வச்சுக்கப் போறது டிராக்டர் இல்லாத வீடு. சண்டை வராதான்னு கேட்டா, வரும். ஆனா மூணு பேருக்கு மூணு கடன் வர்றதைவிட மூணு பேருக்கு ஒரு சண்டை பரவாயில்லை, டீக்கடையில உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கலாம்.

சின்ன யானையை மாத்தணும்னே பிடிவாதமா இருக்கிற நண்பர்கிட்டயும் ஒண்ணுதான் சொல்லியிருக்கேன். செய்யுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு காகிதத்துல, ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்குவீங்கன்னு எழுதுங்க. ஒண்ணு ரெண்டுன்னா கைப்பம்பு. அஞ்சு பத்துன்னா பேட்டரி, கட்டை விரல் ஒயரோட. 20, 30ன்னா பி.டி.ஓ. உள்ள வண்டியா பார்த்து வாங்குங்க. வருஷத்துக்கே 40தான்னா, பக்கத்து வீட்டு டிராக்டர்க்காரர்கிட்ட போய்ப் பேசுங்க.